பூட்டுக்காரியின் நூறு ஆட்டங்கள்

"என்கூட பத்து ஆட்டம், பத்தும் தோல்வி. அப்புறம் உன் நோட்டுல மட்டும் எப்படி அம்பது வெற்றி?"

தராசு இப்படித்தான் கேட்டான். விளையாட்டுச் சங்கத்து அறையில் இருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பொய் எழுதலை," என்றாள் அவள்.

"நீ பொய் எழுதினேன்னு சொல்லலை. நோட்டை நம்ப முடியலைன்னு சொன்னேன்."

ரெண்டும் ஒன்றுதானே! அவளுக்குக் காது மடல் சுட்டது.

இரண்டு பேர் மோதிக்கொள்ளும் போர்டு கேம் அது. ஆளுக்கொரு கேரக்டர், கேரக்டருக்கு முப்பது சீட்டு. கம்பெனி விற்கிற கேரக்டர்கள் பத்தாது என்று ஆடுகிறவர்களே புதிது புதிதாக உருவாக்குவார்கள். அவள் உருவாக்கியது பூட்டுக்காரி. எதிராளி கையில் இருக்கிற சீட்டைப் பூட்டிவிடுவாள். பூட்டிய சீட்டை அந்தச் சுற்றில் இறக்க முடியாது.

சங்கத்துப் பெட்டியில் ஒரு கேரக்டரின் சீட்டுக்கட்டு ஏற வேண்டுமென்றால் ஒரே விதிதான். நூறு ஆட்டம் ஆடிப் பார்க்க வேண்டும். ஏறக்குறையப் பாதி ஜெயிக்க வேண்டும், பாதி தோற்க வேண்டும். எப்போதும் ஜெயிக்கிற கட்டும் குப்பை, எப்போதும் தோற்கிற கட்டும் குப்பை. அதை எடைபோடுகிறவன் என்பதால் அவனுக்குத் தராசு என்று பேர். மற்ற நேரத்தில் கூரியர் வேலை. ஊருக்கெல்லாம் பார்சல் கொடுப்பான். சிரிப்பு மட்டும் அவன் முகத்துக்கு வந்து சேர்ந்ததே இல்லை.

அவள் பள்ளிக்கூடத்தை விட்டு எட்டு மாதம் ஆகிறது. கணக்கில் மூன்று தடவை ஃபெயில். இந்த ஒரு பரீட்சையிலாவது பாஸாகியே தீருவது என்று முப்பது சீட்டையும் தன் கையால் வரைந்தாள்.

"நூறும் எங்கப்பாகூட ஆடினது. அவரையே கூட்டிட்டு வரேன். அவரைக் கேளுங்க!"

"அவரை இங்க இழுத்துட்டு வராதே," என்று தராசு அவசரமாகச் சொன்னான். "முதல்ல இதைப் படி."

அவன் நீட்டிய தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

அப்பா தையல் கடையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கடையைச் சாத்து. சங்கத்துக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"நாம ஆடின நூறு ஆட்டமும் நிஜம்னு."

மெஷின் நின்றது. அப்பா ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே நூல் இருந்த ஊசி.

"இந்த பேண்ட்டை இன்னைக்கே குடுக்கணும்மா."

"அஞ்சே நிமிஷம்பா."

"முட்டி வேற வலிக்குது."

"முட்டியா பேண்ட்டா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு! சரி, நீ வர வேண்டாம். இங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

துணி வெட்டுகிற மேஜையில்தான் தினமும் ஆடுவார்கள். எழுத இடம் வேண்டுமே என்று அப்பா உட்காரும் பக்கம் கிடந்த துணிகளை வாரி ஒதுக்கினாள்.

"அதை எடுக்காதே!"

எடுத்தாயிற்று. பலகையில், துணிக்கு அளவு போடுகிற சாக்பீஸால் வரிசையாகக் குறிகள். ஒரு கோடு, ஒரு வட்டம். ஒரு கோடு, ஒரு வட்டம். எண்ணினாள். நூறு.

தன் நோட்டைப் பிரித்தாள். வெற்றி, தோல்வி. வெற்றி, தோல்வி. கடைசிவரை அப்படியே. மொத்தத்தைக் கூட்டினாளே தவிர, வரிசையைப் பார்க்கவே இல்லை.

"விட்டுக்குடுத்தியா?"

அப்பா தலையை ஆட்டினார். "பாதி ஜெயிக்கணும்னு நீதானே சொன்னே? ஜெயிக்கிறதுல ஒண்ணும் கஷ்டமில்ல. தோக்கிறதுக்குத்தான் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்."

"ஏன்பா?"

"பள்ளிக்கூடத்துல மூணு தடவை தோத்துட்டு வந்தே. வீட்டுலயும் தோக்கணுமா?"

வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து நீவினாள்.

'ஒன்றுவிட்டு ஒன்று ஜெயிக்கிற கட்டு உலகத்தில் கிடையாது. உன்னோடு ஆடியவருக்கு உன்மேல் ரொம்பப் பிரியம். அவரைத் திட்டாதே. பூட்டுக்காரி பூட்டிக்கொண்டே இருக்கிறாள், அடிக்க மறந்துவிடுகிறாள். மூன்று சீட்டை மாற்று.' அதற்குக் கீழே பத்து ஆட்டமும் சுற்றுச் சுற்றாக எழுதியிருந்தது. எந்தச் சுற்றில் எந்தச் சீட்டு சொதப்பியது என்று பொடிப்பொடியாக, தாளின் மறுபக்கம் வரைக்கும்.

தாளை மடித்தாள். மூன்று சீட்டை எடுத்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஈரத் துணியால் சாக்பீஸ் குறிகளைத் துடைத்தாள்.

"உட்காருப்பா. இனிமே ஒரு ஆட்டம் விட்டுக்குடுத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்."

"அடிச்சா அழக் கூடாது."

"நீ அடிப்பா, பார்த்துக்கலாம்."

அப்பா அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு ஆட்டம் வரிசையாகத் தோற்றாள். ஒவ்வொன்றையும் நோட்டில் புதுப் பக்கத்தில் எழுதினாள். அழவில்லை. இன்னும் ஒரு சீட்டைத் திருத்தினாள்.

ஏழாவது ஆட்டம் அவளுக்கு.

சந்தேகமாக நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த சீட்டுகளைத் திருப்பித் திருப்பி முறைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசிச் சுத்துல போய்ப் பூட்டுறதாவது! ஏமாத்து வேலை! கலைச்சுப் போடு, இன்னொரு ஆட்டம்."

அவள் நோட்டில் 'வெற்றி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"பேண்ட் இன்னைக்கே குடுக்கணும்னியேப்பா?"

"பேண்ட் கெடக்கு! நீ சீட்டைப் போடுடி!"