தொட்டிக்குள் ஊறும் பாலம்

கொல்லைப்புறத் தொட்டியில் கான்கிரீட் கட்டிகள் ஊறுகின்றன. காலை வெயில் தண்ணீரில் பட்டுச் சுவரில் நெளிகிறது. இந்தக் கட்டிகளை நசுக்கிப் பார்த்துத்தான் புதுப் பாலத்துக்குத் தரச் சான்று தருவார்கள். பாலத்தில் கொட்டிய கலவையிலா எடுத்தார்கள்? இல்லை, ஒப்பந்தக்காரர் நல்ல சிமெண்டைத் தாராளமாகப் போட்டு வீட்டிலேயே வார்த்தவை. பாலத்திலேயே எடுத்ததுபோலத் தெரியட்டும் என்று அவர் மனைவி ஒரு கட்டியைத் தூக்கி வழவழப்புப் போகத் தேய்க்கிறாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து கைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். "அரசு வேலைங்க எல்லாம் வெளிப்படையா நடக்குதான்னு தனியார் நிறுவனங்கள்கிட்ட கருத்து கேக்கிறோம் சார்," என்கிறது ஒரு பெண்குரல். "கண்ணாடி மாதிரி நடக்குதும்மா," என்கிறார் அவர்.

"இதே கலவைய பாலத்துலயும் போட்டிருந்தா என்னவாம்?" என்று முணுமுணுக்கிறாள் மனைவி. அவர் கைபேசியை உள்ளங்கையால் மூடுகிறார். "போடலாம். அப்புறம் இன்ஜினியருக்கும் அவருக்கு மேல இருக்கிறவருக்கும் உன் வளையலையா கழட்டிக் குடுக்கிறது? நான் மாட்டேன்னா அடுத்தவன் வரிசையில நிக்கிறான்."

"சார், லைன்ல இருக்கீங்களா? தரம் பத்திச் சொல்லுங்க." "தரத்துல கைவைக்கவே முடியாதும்மா. எல்லாம் சோதனைக்குப் போகுது."

மனைவி கட்டியைத் தண்ணீரில் இறக்குகிறாள். அது சத்தமில்லாமல் அடியில் போய் உட்காருகிறது. "பாலம் திறந்ததும் நம்ம சின்னவளோட ஸ்கூல் வேன் அந்த வழியாத்தான் போகுமாம்."

அவர் கை மறுபடி கைபேசியை மூடுகிறது. இம்முறை இறுக்கமாக. "திறந்த நாள்லேர்ந்து அவள நீயே பழைய ரோட்டுல கொண்டுபோய் விட்டுடு."

"வேன் நிறைய பிள்ளைங்க இருக்காங்களே."

அவர் கையை எடுக்கிறார். "சொல்லும்மா, அடுத்த கேள்வி என்ன?"