பாறைக்குச் சொன்னது

பாறை உருண்டு வந்து பாப்பம்மா வீட்டு வழியை அடைத்துக்கொண்டது. ஆள் ஒருக்களித்து நுழையலாம். ஆம்புலன்ஸ் நுழையாது. வீட்டில் மகள் சுசித்ராவுக்கு நிறைமாதம்.

மழையில் சரிந்திருக்கும் என்று ஊர் சொன்னது. மாதப்பனும் மறுக்கவில்லை.

மாதப்பன் பாப்பம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். ராயக்கோட்டைப் பக்கம் கல் குவாரியில் பாறை அள்ளும் ஹிட்டாச்சி எந்திரம் ஓட்டுகிறவன். தங்கச்சி ஜெபக்கூடத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

"வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். அரை மணி வேலை," என்று டீக்கடையில் சொல்லி வைத்திருந்தான்.

அவள் வரவில்லை. லாரி டிரைவர் ஆனந்த்தான் சேதி கொண்டுவந்தான்.

"அண்ணா, உன் தங்கச்சி பாறைகிட்ட பேசுது."

"என்னாத்த பேசுது?"

"'பேர்ந்து போய் சமுத்திரத்துல விழு'ங்குது. விடிஞ்சதும் வந்து நின்னு சொல்லிட்டு, அப்பறம்தான் மாட்டுக்கே தண்ணி காட்டுது."

கடையே சிரித்தது. மாதப்பன் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

"கிருஷ்ணகிரி தாண்டி எந்தப் பக்கம் திரும்பணும்னு பாறைக்கு யாராச்சும் வழி சொல்லி அனுப்புங்கடா."

சிரித்தானே தவிர டீ இறங்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தான்.

பாப்பம்மா பாறைக்கு அந்தப் பக்கம் நின்றாள். இவன் இந்தப் பக்கம்.

"ஏம்மே, வயித்துப்புள்ளக்காரிய வூட்ல வெச்சிக்கினு கல்லுகிட்ட கெஞ்சிக்கினு நிக்கிற?"

"கெஞ்சல அண்ணா. சொல்றேன். சொல்லச் சொல்லி வேதத்துல எழுதியிருக்குது."

"அதை என்கிட்ட சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"மலையப் பாத்துச் சொல்லுன்னுதான் இருக்குது. மாதப்பனப் பாத்துச் சொல்லுன்னு இல்ல."

"அட, அது உவமைக்குச் சொன்னதா இருக்கும்."

"உவமைன்னா உவமைன்னே எழுதியிருக்கும். இதுல எழுதல."

"இங்க ஏது சமுத்திரம்? ஏரியே பாதிதான் ரொம்பியிருக்குது."

"அது அவரு பாடு."

வாசலில் சுசித்ரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய்மாமனைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் முகம் சுருங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதப்பன் திரும்பி நடந்தான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஹிட்டாச்சி வந்துவிட்டது. பின்னாலேயே ஆனந்தின் லாரி.

"புள்ளைக்காகத்தான் வந்தேன். உன் சாமிக்காக இல்ல," என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"சரி அண்ணா."

பாறை லாரியில் ஏறியது.

"எங்கியாவது கொண்டுபோய்க் கொட்டுடா ஆனந்து. இவ கண்ணுல படக்கூடாது."

அன்று சாயங்காலமே வலி கண்டது. ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது. பெண் குழந்தை.

மாதப்பனுக்கு மார் நிமிர்ந்தது. "தள்ளினது கர்த்தர் இல்ல, நானு. அதை அவ வாயால ஒத்துக்கணும்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். எல்லாம் ஆனந்த் லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பும் வரைக்கும்தான்.

"பாறைய எங்கடா கொட்டின?"

"குவாரில கழிச்ச கல்லோட சேத்து ஏத்திக்கினு போய்ட்டேண்ணா. கடல் அரிக்குதுன்னு ஒரு மீன்காரங்க ஊர்ல கல்லு கொட்றாங்க. அங்க."

"கரையிலதான?"

"நான் கொட்டினது கரையிலதான். மத்த கல்லெல்லாம் நின்னுச்சு. நம்ம பாறை மட்டும் நிக்கல. உருண்டு போயி தண்ணிக்குள்ள வுழுந்துடுச்சு."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மாதப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். மீசை முளைத்ததிலிருந்து கல்லோடு கிடந்தவன். வெடிக்கு மசியாத கல்லையெல்லாம் பார்த்திருக்கிறான். சொல்லுக்கு மசிந்த கல்லைப் பார்த்ததில்லை.

நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனான். பாப்பம்மா குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான்.

"போய்ச் சேந்துட்டுதா," என்றாள், ஊருக்குக் கிளம்பின ஆளைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

அவன் திண்ணையில் உட்கார்ந்தான்.

"உனக்குச் சந்தேகமே வரலியாம்மே?"

"வராம பாத்துக்கினேன். அந்த வசனத்துக்குக் கீழயே இன்னொண்ணு இருக்குது அண்ணா. நின்னு ஜெபம் பண்றப்ப யார் மேல குறை இருந்தாலும் மன்னிச்சிடணும். அதைச் செஞ்சிட்டுத்தான் பாறைகிட்ட பேசுவேன்."

"யார மன்னிச்ச?"

"மேல்கொல்லைல மண்ணு தோண்டி, பாறைய உருட்டிவுட்ட ஆள."

வீட்டுக்கு மேலே சரிவில் இருக்கும் மேல்கொல்லை மாதப்பனுடையது.

"மழை..." என்று ஆரம்பித்தான்.

"மழை பேஞ்சா ஹிட்டாச்சி பல்லுத் தடம் விழாது அண்ணா."

உள்ளே குழந்தை சிணுங்கியது. மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"ஜெபக்கூடத்துல சொல்லிட்டியா?"

"ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு சாட்சி சொன்னேன். பாறை எப்படி விழுந்துதுன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. கர்த்தர் யாரை அனுப்பி எடுத்தாருன்னு கேட்டாங்க. பேரச் சொன்னேன்."

"என்னா பேரு?"

மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள் பாப்பம்மா.

"மாதப்பன்."