ஏழாம் நம்பர் அறை

வீல் என்று ஒரு குழந்தையின் அழுகை. சட்டென்று அடங்கியது.

"உள்ள யாரு அங்கிள்?" என்றான் ஜீஷான்.

"பக்கத்து வீட்டு டிவி. நீ வேலையப் பாரு தம்பி." லாட்ஜ் முதலாளி கண்ணாயிரம் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

பௌர்ணமி மதியம். வெறுங்காலில் கிரிவலம் போகிறவர்களுக்குத் தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் படுத்த ஜீஷானை, சென்னையிலிருந்து அவர் மகன் கோபிதான் போன் போட்டு எழுப்பினான்.

"எனக்கு லாட்ஜ் வெப்சைட்ல ஏழு ரூம் தெரியுது. அப்பா கம்ப்யூட்டர்ல மட்டும் ஆறோட நிக்குதாம். அதுல ஓடறது நீ எழுதின கோடிங் லைப்ரரிதான்டா, நீயே போய்ப் பாரு."

கோபி புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பிப் பல மாதமாகிறது. பெரியவர் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதன்மேல்தான் உறைகளை அடுக்கினார்.

"இந்தப் பழசப் பாத்தா என் ஆபீஸ் பசங்க மியூசியத்துக்கு டிக்கெட் கேப்பாங்க அங்கிள்."

"இதுக்கு இன்னும் ஆயுசு இருக்குது."

சரியான கஞ்சன், என்று நினைத்துக்கொண்டான்.

ஒருவழியாகத் தப்பைப் பிடித்துவிட்டான்.

"ஆறாவது ரூமுக்கும் ஏழாவதுக்கும் நடுவுல கோடிங்ல கொஞ்சம் காலி இடம். புது பிரவுசர்ல அதத் தாண்டிப் போவுது. உங்க பிரவுசர் அதையே அடுத்த ரூம்னு நெனச்சி நின்னுடுது."

"பாவம், வயசாயிடிச்சி இல்ல."

"வெத்து இடத்த எண்ணாத, ரூம் வர்ற வரைக்கும் நடன்னு லைப்ரரிக்குச் சொல்லிட்டேன். பாருங்க, ஏழு."

பெரியவர் முகம் தொங்கிப்போனது.

"இனிமே இல்லன்னு சொல்ல முடியாதா?"

ஏழாம் நம்பர் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், பாதம் முழுக்கக் கொப்புளம். பின்னால் பாயில் கால் நீட்டி இரண்டு கிழவிகள்.

"அய்யா, புள்ளைக்குக் கொஞ்சம் வெந்நீர்."

"தர்றேம்மா, உக்காரு." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இப்படிக் காசில்லாம நாலு பேர் வந்துடறாங்க தம்பி. அந்த ரூமையும் வாடகைக்கு விடுங்கன்னு கோபி உயிர எடுக்கறான். கம்ப்யூட்டர்ல வரலப்பான்னு சொல்லித்தான் ஓட்டறேன்."

போன் அடித்தது. கோபி.

"சரியாச்சாடா?"

ஜீஷான் செய்த மாற்றத்தை அழித்தான். திரையில் மறுபடி ஆறு.

"இல்லடா. பிரவுசர் ரொம்பப் பழசு. ஒண்ணும் பண்ண முடியல."

"அப்ப புதுசப் பிரிச்சி மாட்டிடேன்."

ஜீஷான் பெட்டியைப் பார்த்தான்.

"எங்கடா பிரிக்கறது, மேல மலையாட்டம் துணி கெடக்குது."

கண்ணாயிரம் வெந்நீரைக் கொடுத்துவிட்டு வந்து, இன்னொரு உறையை மடித்துப் பெட்டிமேல் வைத்தார்.