பதினொன்றரை அளவு

“உந்த மனிசியோடை இனிக் கதை வைச்சுக்கொள்ளாதையும்.”

உடுப்புக் கூடையைக் கீழே வைக்குமுன்பே நீக்கிலாப்பிள்ளை தொடங்கிவிட்டார்.

“எந்த மனிசியோடை?” என்றாள் றோஸ்மேரி.

“பக்கத்து வீட்டு இல்ஸேயோடைதான். கீழை உடுப்புத் தோய்க்கிற லோன்றியிலை உவ உம்மட்டைக் கேட்டது என்ரை காதிலையும் விழுந்தது.”

இல்ஸே கேட்டது இதுதான்: “மரியோவின் கால் அளவு பதினொன்றரைதானே? பாதம் அகலமா, ஒடுக்கமா?”

“நான் அதுக்குப் பதில் சொல்லேல்லையே. இண்டைக்குச் சரியான குளிர் எண்டு மட்டும்தானே சொன்னனான்.”

“சரி, பதினொண்டரை எண்டு உவவுக்கு முதல் ஆர் சொன்னது?”

“எனக்கென்னெண்டு தெரியும்?” என்றாள் றோஸ்மேரி.

மரியோ அவர்களுடைய ஒரே மகன். கனடா இராணுவத்தில் வாகன மெக்கானிக். இரண்டு மாதத்துக்கு முன்னர் லத்வியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ரஷ்யாவை ஒட்டிய அந்தச் சின்ன நாட்டுக்குக் காவலாக, நேட்டோவின் பத்துப் பன்னிரண்டு நாட்டுப் படைகளோடு அங்கே நிற்கிறான்.

இல்ஸே பிறந்ததும் லத்வியாவில்தான். அதுவே நீக்கிலாப்பிள்ளைக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

“போகமுதல் மீற்றிங் வைச்சு என்ன சொன்னவங்கள்? எந்தக் காம்ப், எப்ப லீவு, எப்ப வெளியிலை போறான், ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டு சொன்னவங்களோ இல்லையோ?”

“சொன்னவங்கள்.”

“பிறகென்ன? அங்கை ஒற்றர்மார் திரியிற இடம். உம்மடை வாயாலை பிள்ளைக்கு ஒண்டு நடந்தா என்ன செய்வீர்?”

அவருடைய பயம் சும்மா வந்ததல்ல. மன்னாரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில், யாரோ போய்ச் சொன்ன சொல்லை நம்பி அவருடைய சித்தப்பா மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. அதோடு, நீக்கிலாப்பிள்ளைக்கு இங்கே ஒரு பெரிய கட்டடத்தில் செக்குரிட்டி வேலை. இரகசியம் காப்பதில் தன்னை மிஞ்ச, அவர்கள் குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஆள் இல்லை என்பது அவருடைய நினைப்பு.

றோஸ்மேரி உடுப்பை மடித்தாள். முப்பது வருசத்தில் அவர் அவளை நம்பாமல் கதைத்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அது சரியாக நொந்துபோயிற்று.

அன்றிலிருந்து இல்ஸேயைக் கண்டால் றோஸ்மேரி கதவைச் சாத்தினாள். காலை ஏழு மணி எலிவேற்றரில் இல்ஸே ஏறினால், நீக்கிலாப்பிள்ளை மாடி இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “உடம்பு சரியில்லையா?” என்று இல்ஸே கவலையோடு கேட்டாள். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மரியோவின் வீடியோ கோல் வந்தது.

அவன் காம்பில் இல்லை. பின்னால் மரச்சுவர், பெரிய அடுப்பு, மேசையைச் சுற்றி ஒரு குடும்பம்.

“எங்கை நிக்கிறாய்?” நீக்கிலாப்பிள்ளை ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“இல்ஸே அன்ரியின்ரை தம்பி வீட்டிலை அப்பா. அவர் காம்ப் கேற்றிலை வந்து எனக்கு இன்விற்றேஷன் குடுத்திட்டுப் போனவர். சார்ஜன்ற் எல்லாம் செக் பண்ணித்தான் விட்டவர். டோன்ற் வொறி.”

அவன் காலைத் தூக்கிக் காட்டினான். தடித்த கம்பளிச் சொக்ஸ், முழங்கால் வரைக்கும்.

“அவரின்ரை மனிசி பின்னினது. பேர்ஃபெக்ற் சைஸ். இப்ப கால் விறைக்கிறேல்லை.”

“சாப்பிட்டியோ அப்பு?” என்றாள் றோஸ்மேரி.

“அம்மா, இதைப் பாருங்கோ. எனக்கு விருப்பம் எண்டு கேள்விப்பட்டு, யூரியூப் பாத்து, இஞ்சத்தை றைத் தானிய மாவிலை பிட்டு அவிச்சிருக்கினம்.”

பிட்டு குரக்கன் பிட்டு மாதிரிக் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் மீன் குழம்பு என்று சொல்லத்தக்க ஒன்றும் இருந்தது. இல்ஸேயின் தம்பி முகத்தை நீட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: “எங்களைக் காக்க உங்கள் பிள்ளை கடல் தாண்டி வந்திருக்கிறான். ஒரு நேரச் சாப்பாடுகூடக் கொடுக்காவிட்டால் எப்படி?”

றோஸ்மேரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. நீக்கிலாப்பிள்ளையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனம் நிறைந்திருந்தது. இல்ஸேயை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

கோலை வைத்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு இல்ஸேயின் கதவைத் தட்டினார்.

“உங்களைப் பிழையாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்,” என்றார் ஆங்கிலத்தில். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற றோஸ்மேரியைப் பெருந்தன்மையோடு பார்த்தார். “இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் இந்த முறை அதுவும் நல்லதாகத்தான் முடிந்தது. நான் இவளையும் மன்னித்துவிட்டேன்.”

இல்ஸே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“றோஸ்மேரியா? எத்தனை தரம் கேட்டிருப்பேன். ‘இன்றைக்குச் சரியான குளிர்’ என்பதைத் தவிர அவள் வேறொன்றும் சொன்னதில்லையே. கால் விறைக்கிறது, பதினொன்றரை அளவு, பிட்டு விருப்பம், ஞாயிறு லீவு, எந்தக் காம்ப் என்பதெல்லாம், காலையில் எலிவேற்றர் பதினான்கு மாடி இறங்குவதற்குள் நீங்கள்தானே சொன்னீர்கள்?”

நீக்கிலாப்பிள்ளை மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

“இண்டைக்குச் சரியான குளிர், என்ன?” என்றாள் றோஸ்மேரி.