பச்சைப் பொட்டு

"புதுசா வந்திருக்கீங்களா, மேடம்? வாங்க, வாங்க! நான் வெண்டல். கூரை போடுற கம்பெனி."

கிளெண்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இதே முகத்தைப் பார்த்து இதே கேள்வியை அவர் கேட்பது இது எட்டாவது தடவை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு மண்டையில் எதுவுமே நிற்காதா? ஆனால் வாயைத் திறக்க முடியாது. தப்பு அவள் பக்கமும் இருந்தது.

அமெரிக்காவின் டொலீடோ நகரத்து வியாபாரிகள் மாதம் ஒரு தடவை காலை ஏழு மணிக்கு ஓட்டல் ஹாலில் கூடி, காபி குடித்து, அறிமுகம் செய்துகொள்கிற கூட்டம் அது. முதல் தடவை வருகிறவர்கள் பெயர்ச் சீட்டில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். பொட்டைப் பார்த்தால் பழைய ஆட்கள் தாங்களாகவே வந்து பேசுவார்கள்.

மார்ச்சில், வேலை போன கையோடு வந்தாள். பொட்டு இருந்தது, பேசினார்கள். ஏப்ரலில் பொட்டில்லாமல் வந்தாள். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. மே மாதம் வாசல் மேஜையில் இருந்த ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு பொட்டை நைசாகக் கிழித்து ஒட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து மாதாமாதம் அவள் புதுசு.

ஐம்பத்து நாலு வயதில் புதுசு!

ஒவ்வொரு தடவையும் வெண்டல் அவளை மூன்று பேரிடம் கூட்டிப்போவார். "இவங்க புதுசு. இருபத்திரண்டு வருஷம் கிடங்கு நிர்வாகம் பார்த்தவங்க" என்பார். கார்டு தருவார்கள். அப்புறம் ஒரு போன் வராது. வருகிற ஜனவரியில், பழைய வேலையில் கிடைத்த மருத்துவக் காப்பீடும் முடிகிறது.

"ரெண்டே நிமிஷம் மேடம், இதோ வந்துடறேன்" என்று வெண்டல் கூட்டத்துக்குள் ஓடினார்.

கிளெண்டாவுக்குச் சட்டென்று எல்லாம் அலுத்துப்போனது. இந்த ஆள் கை குலுக்கியது பொட்டோடு, தன்னோடு அல்ல. பெயர்ச் சீட்டைப் பொட்டோடு பிய்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"கிளெண்டா! எங்க கிளம்பிட்டீங்க?"

வெண்டல்தான். மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சீட்டு இல்லாமலே என் பேரு ஞாபகம் இருக்கா? நான்தான் புதுசாச்சே!" குத்தலாகத்தான் கேட்டாள்.

"ஏப்ரல்ல அந்தக் காபி மேஜைகிட்ட ஒரு மணி நேரம் தனியா நின்னீங்க. பார்த்தும் நான் வரலை. இன்னும் உறுத்துது. மே மாசம் நீங்க பொட்டைக் கிழிச்சதையும் பார்த்தேன்."

கிளெண்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் தெரியாத மாதிரி...?"

"வேலை தேடுறாங்கன்னு சொல்லிப் பாருங்க, இங்க அத்தனை பேருக்கும் உடனே ஒரு அவசரம் வந்துடும். புதுசுன்னாத்தான் நின்னு கேப்பாங்க. இதுவரைக்கும் இருபத்தொரு பேரு. ஒரு ஆளையாவது ரெண்டாவது தடவை காட்டியிருக்கேனா?"

யோசித்தாள். இல்லை. ஒரு ஆள்கூட இல்லை.

வெண்டல் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டை எடுத்து அவள் கோட்டில் ஒட்டினார்.

"அதோ அந்த உயரமான ஆளு, மூணு கிடங்கு வச்சிருக்கார். கிளம்பப் பார்த்தார், அவரை நிறுத்தத்தான் ஓடினேன். வாங்க, வாங்க. முகத்தை மட்டும் கொஞ்சம் புதுசா வச்சுக்குங்க."