கடைசியில் பறந்தவன்

வடக்கே பனி விழத் தொடங்கியதும் வாத்துக்கூட்டம் தெற்கே புறப்பட்டது. மற்ற கூட்டங்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று தலைவன் செங்காலனுக்கு ஆசை. வழியில் எந்த ஏரியிலும் அவன் இறங்கவிடவில்லை.

"அண்ணே, வரியனால இறக்கையைத் தூக்கவே முடியலை. கொஞ்சம் இறங்கிட்டுப் போகலாம்," என்று பின்னாலிருந்து தவிட்டி கெஞ்சினாள்.

"எனக்கு முடியுதே! வேகமா அடிக்கச் சொல்லு," என்றான் செங்காலன், திரும்பிப் பார்க்காமலே.

மலையைத் தாண்டும்போது வரியன் பனிச்சரிவில் விழுந்தான். எல்லோரும் இறங்கி அவனைச் சூழ்ந்து நின்றார்கள். அவன் கண் திறக்கவில்லை. யாரும் செங்காலனைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"தவிட்டி, நீ முன்னால போ. நான் கடைசியில வர்றேன்."

கடைசியில் பறந்தபோதுதான் முன்னால் போகும் ஒவ்வொரு இறக்கையும் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அவன் கண்டான். ஓர் இளம் வாத்து தாழத் தொடங்கியதும், "தவிட்டி, ஏரி தெரியுது, இறங்கு," என்று குரல் கொடுத்தான். அப்படியே ஏரி ஏரியாகத் தங்கித் தங்கிப் போனார்கள்.

தெற்கே மற்ற கூட்டங்கள் முன்பே வந்திருந்தன.

"நீங்கதான் முதல்ல வருவீங்கன்னு நினைச்சோம்," என்றது ஒரு வாத்து.

"ஒருத்தனை வழியில விட்டுட்டு வந்திருக்கோம்," என்றான் செங்காலன்.