சொல்ல ஒரு ஆள்

ஆர்டர் குறைந்ததால் மோட்டார் கம்பெனியில் வாரத்தில் பாதி நாள் வேலையில்லை. அந்த நாட்களிலும் காலைச் சங்குக்கு யூனிஃபார்மோடு கேட்டில் வந்து நிற்கவேண்டும். நிற்காதவருக்கு அந்த நாளுக்கான பாதிச் சம்பளமும் கிடையாது. சட்டம் அவ்வளவு ஒழுங்கானது. வாட்ச்மேன் ஆறுச்சாமி கம்பிகளுக்கு உள்ளிருந்து சொல்வார்: "இன்னைக்கு வேலை இல்லீங்க, போய்ட்டு வாங்க." அதைக் கேட்டபிறகுதான் கலைவார்கள்.

இன்று உள்ளே யாருமில்லை. வெயில் ஏறியும் ஒருவரும் நகரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்காமல் போய்விட்டால், வரவேயில்லை என்று கம்பெனியில் சொல்லிவிடுவார்கள். அப்போது ஆறுச்சாமி காக்கிச் சட்டையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்களோடு நின்றார்.

"ஏனுங்ண்ணா, உள்ள போகலீங்களா?" என்றாள் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவு ராக்கியம்மாள்.

"எனக்கும் பாதி நாளாக்கிட்டாங்க அம்மிணி. உங்களாட்டவே வந்து நிக்கோணுமாம்."

"அப்ப எங்களுக்கு ஆரு சொல்றது?"

அவரே சொன்னார். வெளியே நின்று சொன்னாலும் அதே குரல், எல்லோரும் கலைந்தார்கள். அவர் மட்டும் நின்றார்.

தெருமுனைவரை போன ராக்கியம்மாள் திரும்பி வந்தாள். "அண்ணா, இன்னைக்கு வேலை இல்லீங்க. போய்ட்டு வாங்க."

ஆறுச்சாமியின் கை தானாக உயர்ந்து, முதலாளியின் காருக்கு வைக்கும் சல்யூட்டை அவளுக்கு வைத்தது. ஆனால் உள்ளே ஆளில்லாத கேட்டை விட்டு அவர் நகரவில்லை.